“ஒருத்தனும் ஏன் வாய் திறக்கல?”

அடிதடி வீடியோ எது வந்தாலும் கீழே வந்து, “ஊரே வேடிக்கை பார்த்துச்சு, ஒருத்தனும் சாட்சி சொல்லல, கோழைங்க”ன்னு எழுதுறீங்க பாருங்க, உங்களுக்குத்தான் இந்த த்ரெட்.

மயிலாடும்பாறை பக்கம் அரசு டாக்டர் நான். வெறும் எம்.பி.பி.எஸ்.தான், சமூகவியல் படிக்கல. ஆனா கேசுவாலிட்டியில உட்கார்ந்தா சில விஷயம் தெரியும்.

முன்கையில சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, அல்னா, அது மட்டும் நடுவுல உடைஞ்சிருந்தா, பெரும்பாலும் விழுந்ததால இல்ல. தலைக்கு வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்திருக்கார். “எப்படி ஆச்சு?”ன்னு கேட்டா, கூட வந்தவர் முந்திக்கிட்டு “படியில வழுக்கிட்டார் சார்” என்பார். அடிபட்டவர் தரையைப் பார்ப்பார். அவரே சொல்லாதப்போ எதிர்த்திண்ணையில இருந்து பார்த்தவர் எப்படிச் சொல்வார்? நாளைக்கு அடிச்சவன் தோட்டத்துக்குத்தானே அவர் கூலிக்குப் போகணும்?

படிப்பறிவு இல்லாததாலன்னு சொல்லாதீங்க. சாத்தான்குளம், 2020 ஜூன் 19. காவல் நிலையத்துக்குள்ள ஜெயராஜையும் பென்னிக்ஸையும் அடிச்சாங்க. அங்க இருந்தவங்க எல்லாம் சட்டம் தெரிஞ்ச அரசு ஊழியர்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைச் சொன்னது தலைமைக் காவலர் ரேவதி. வாக்குமூலத்துல கையெழுத்துப் போட அவங்களே பயந்து தயங்கினாங்க. அப்புறம் போட்டாங்க. அவங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது. காக்கி போட்டவருக்கே இந்த நிலைமை. (ரிமாண்டுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேருக்கும் உடல்தகுதிச் சான்று கொடுத்தது ஒரு அரசு மருத்துவமனை. எங்க ஆளுங்க இதைப் பேச மாட்டாங்க.)

இலங்கையில போர் முடிஞ்சது 2009-ல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைங்களைக் கேட்டு, கிளிநொச்சியில தாய்மார் 2017-ல ரோட்டோரம் உட்கார்ந்தாங்க. ராணுவமும் புலனாய்வுக்காரங்களும் அதே ஊருக்குள்ள இருக்கும்போது, பார்த்தவங்க சொல்லலைன்னு அவங்களையும் கோழைன்னுவீங்களா?

வாய் திறக்க வைக்கிற வேலை அரசாங்கத்தோடது. 2018 டிசம்பர் 5, மகேந்தர் சாவ்லா வழக்குல உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏத்துக்கிச்சு. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுகிட்ட மனு கொடுக்கலாம். அடையாளத்தை மறைக்கலாம், வீட்டுக்குக் காவல் போடலாம், வேற இடத்துல தங்க வைக்கலாம். இப்போ புதுச் சட்டம், பி.என்.எஸ்.எஸ். 398-வது பிரிவு, எல்லா மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வச்சே ஆகணும்னு சொல்லுது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மிரட்டல் உண்மைதானான்னு அறிக்கை கொடுக்கிறது யாருன்னு படிங்க: அந்த உட்கோட்டத்து டி.எஸ்.பி. போலீஸ் மேலயே புகார்னா? டி.எஸ்.பி. ஆபீஸ் வாசல்ல யார் நிக்கிறா, யார் உள்ள போறான்னு ஊருக்கே தெரியுமே!

“கோழை”ன்னு டைப் பண்ற நேரத்துல, உங்க மாவட்ட நீதிமன்றத்துல இந்த மனுவை யார்கிட்ட கொடுக்கணும்னு விசாரிச்சு, கீழே எழுதுங்க.