பழைய விமானமும் புதிய வண்ணமும்

மாடு வாங்கச் செல்பவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; வீடு வாங்குபவர் வில்லங்கம் பார்க்கிறார். விமானம் வாங்கச் செல்பவர் மட்டும் வண்ணத்தைக் கண்டு மயங்கலாமா? சென்ற கோடை விடுமுறையில் என் உள்ளத்தில் எழுந்த கேள்வி இது.

என் அறைத் தோழர் தஞ்சைப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. தனி விமானி உரிமம் பெற்றுவிட்டார். தொழில்முறை உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவர் கணக்கில் இருப்பது 60. மீதி 140 மணிக்கும் வாடகை கொடுப்பதைவிட, இருவர் அமரும் பழைய பயிற்சி விமானம் ஒன்றை வாங்கிவிட்டால் என்ன என்று எண்ணினார். தந்தையாரும் நன்செய் நிலத்தை அடகு வைக்க இசைந்தார். இயந்திரவியல் படிப்பவன் என்ற ஒரே தகுதியால் என்னையும் உடன் அழைத்துச் சென்றார்.

விற்பனைக்கு நின்றது ஒரு செஸ்னா 152. உலகெங்கும் எத்தனையோ மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த வகை அது. எளிய அமைப்பு, 110 குதிரைத்திறன் எஞ்சின். குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1977-இல் தொடங்கிய அதன் உற்பத்தி 1985-இல் நின்றுவிட்டது. இன்று சந்தைக்கு வருவது எதுவாயினும் நாற்பது வயதுக் கிழமே. வண்ணமோ நேற்று அடித்ததுபோல் மின்னியது!

பதிவேடுகளைக் கேட்டேன். விற்பவர் முகம் சுளித்தார், ஆயினும் கொடுத்தார்.

அந்த எஞ்சினை 2,400 மணிக்கு ஒருமுறை முற்றிலும் பிரித்துச் சீர் செய்ய வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் அறிவுரை. 2,150 மணி ஓடியிருந்தது. “மீதி 250, நமக்கு 140 போதுமே” என்றார் தோழர். போதும்தான். ஆனால் நாளை இவரிடம் வாங்க வருபவர் மீதி 110 மணியை அல்லவா விலை பேசுவார்? மேலும், மணி நிறையாவிட்டாலும் 12 ஆண்டுக்கு ஒருமுறை சீர் செய்க என்பதும் அதே அறிவுரை. இங்கோ 15 ஆண்டு ஆகியிருந்தது. இடையில் மூன்றாண்டு பறக்கவே இல்லை. ஓடாத எஞ்சினின் உள்ளே துரு ஓடும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

இன்னொன்று பணத்தைவிடப் பெரிது. சுக்கான் எல்லை மீறித் திரும்பிச் சிக்கிக்கொள்ளும் அபாயம் இவ்வகையில் உண்டென்று கண்டு, 2009-இல் அமெரிக்க விமானத்துறை ஓர் ஆணை பிறப்பித்தது: தடுப்பை மாற்றுக, இல்லையேல் சுழன்று இறங்கும் பயிற்சி கூடாதென்று விமானத்திலேயே எழுதி வைக்க. இரண்டில் எது செய்யப்பட்டது? பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை.

“மற்ற மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்துப் போட்ட பணத்தை எடுத்துவிடலாமே” என்று ஆசை காட்டினார் விற்பவர். கட்டணம் வாங்கிக் கற்பிக்க அரசின் அனுமதி பெற்ற பயிற்சிப் பள்ளியாக இருக்க வேண்டும் என்பதை அவர் அறியாதவரா?

அச்சத்தால் பேசுகிறேன் என்பார் சிலர். அச்சம் வேறு, கணக்கு வேறு. வாங்கும் விலை முதற்படிதான். நிறுத்த இடம், காப்பீடு, பெட்ரோல், உரிமம் பெற்ற பொறியாளரின் சோதனை என்று செலவு தொடரும். யானையைக் கட்டித் தீனி போடும் கதை இது. ஆகவே பழைய விமானம் வாங்கவே கூடாது என்பதன்று என் கருத்து. வாங்குபவர் தாமே கூலி கொடுத்து அமர்த்திய பொறியாளர், விற்பவருக்கு வேண்டியவராக இல்லாதவர், எஞ்சினையும் ஏட்டையும் பார்த்துச் சொல்லட்டும். அதன் பிறகு விலை பேசலாம். தனியொருவர் சுமப்பதினும் உரிமம் பெற்ற நால்வர் கூடி வாங்குவது நன்று. பெங்களூரில் உருவாகி 1958-இல் முதலில் பறந்த நம் நாட்டுப் புஷ்பக், இருவர் அமரும் விமானம்தான். பறக்கும் கழகங்கள் அதைப் பொதுவில் வைத்தே நம்மவர் பலரை விமானிகளாக்கின. கூடி நடத்துவது நமக்குப் புதிதன்று.

தோழர் இன்றும் வாடகைக்குத்தான் பறக்கிறார். 200 மணியை எட்ட இன்னும் நாளாகும். ஆனால் இந்தக் குறுவைக்கும் அவர் தந்தையார் தம் நிலத்தில் தாமே நாற்று விட்டார்.