குறைந்தது குற்றமா, கணக்கா?

"ஊரடங்கில் குற்றங்கள் குறைந்தன" என்னும் வாக்கியம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மிடையே செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. நன்கு படித்தவர்கள் சொல்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையில் சொல்கிறார்கள். சொன்ன கையோடு, தெருமுனையில் காவலர் லத்தியுடன் நின்றால் நாடு தானாகவே ஒழுங்காகிவிடும் என்று ஒரு பின்குறிப்பும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பின்குறிப்பை முன்னிட்டே இதை எழுத நேர்ந்தது.

தெருக்குற்றம் குறைந்தது உண்மைதான். 23 நாடுகளின் 27 நகரங்களை எடுத்துக்கொண்டு 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, காவல்துறைப் பதிவுகளில் குற்றங்கள் சராசரியாக 37 விழுக்காடு வீழ்ந்ததாகச் சொல்கிறது. கொலை மட்டும் 14 விழுக்காடுதான் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதை நம்மவர்கள் படிப்பதில்லை. விருத்தாசலம் போன்ற ஊருக்கு இந்த ஆய்வெல்லாம் தேவையுமில்லை. 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. ரயில் சந்திப்பில் ரயில் இல்லை, பேருந்து இல்லை, பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளுக்கு வேலை இல்லை. பிக்பாக்கெட்டுக்குக் கூட்டம் வேண்டும். பூட்டை உடைக்கப் பூட்டிய வீடு வேண்டும். எவரும் எங்கும் போகாத ஊரில் திருடன் மட்டும் எங்கே போவான்?

சரி, கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2020இல் இந்தியாவில் பதிவான குற்றங்கள் குறையவில்லை, 28 விழுக்காடு கூடின! அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக, இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவின்கீழ், 2019இல் பதிவானவை 29,469 வழக்குகள்; 2020இல் 6,12,179. தமிழகத்தில் தண்டனைச் சட்ட வழக்குகள் ஓராண்டில் சுமார் 1.68 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 8.9 இலட்சமாயின. அரிசி வாங்கப் போனவனும் வண்டியை வெளியே எடுத்தவனும் குற்றவாளிகளானார்கள். திருடன் குறைந்த ஆண்டில் குற்றவாளி பெருகினான். இந்த விநோதத்தை நம் அறிவாளிகள் விளக்கட்டும், கேட்டுக்கொள்கிறோம்.

இனி வீட்டுக்குள் வருவோம். அதே ஆவணத்தில் பெண்களுக்கெதிரான குற்றங்கள் 8.3 விழுக்காடு குறைந்திருக்கின்றன. ஆனால் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 2019இல் மூவாயிரத்துக்குள் இருந்து, 2020இல் ஐயாயிரத்தைத் தாண்டின. இரண்டும் ஒரே நாடு, ஒரே ஆண்டு. அடிபட்டவள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகத் தடுப்பு வேலியைத் தாண்ட வேண்டும், ஏன் வெளியே வந்தாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்; தாய்வீட்டுக்குப் போகப் பேருந்து இல்லை; வீட்டிலிருக்கும் ஒரே கைபேசி அடித்தவனின் சட்டைப்பையில். தினக்கூலி நின்றுபோன வீடு அது. மே 7இல் டாஸ்மாக் திறந்தது, மறுநாள் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது, 15இல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது, 16இல் மறுபடி திறந்தது. கூலி வராத வீட்டின் பணம் எவ்வழியே போயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது, விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் 'செல்லாத பண'த்துக்குக் கிடைத்தது. கணவன் வீட்டில் தீயில் வெந்து ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கும் பொறியியல் படித்த பெண்ணின் கதை அது. விருதைக் கொண்டாடினோம், வாழ்த்தினோம். அதே மாதங்களில் நம் சிற்றிதழ்கள் வெளியிட்ட ஊரடங்குக் கவிதைகளையும் புரட்டிப் பாருங்கள்: ஜன்னல், குருவி, மொட்டைமாடி நிலா, நெடுநாளைக்குப் பின் வாய்த்த தனிமை. வீடு என்றால் இவர்களுக்குப் புத்தக அலமாரி. அந்தக் குருவிகளைக் கைதட்டி வாசித்தவர்களில் நாமும் உண்டு.

மூன்றாவது இடம் காவல் நிலையம். 2020 ஜூன் 19 அன்று, கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் பிடித்துப் போனார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை தந்தை. இருவரும் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் இருந்தவர்கள். ஒன்பது காவலர்மீது சிபிஐ கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அது தெற்கே என்று விருத்தாசலத்துக்காரர் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே ஆண்டு நவம்பரில், நெய்வேலிக் காவலர்கள் கைது செய்த கடாம்புலியூர் முந்திரி வணிகர் ஒருவர் விருத்தாசலம் கிளைச் சிறையில் இருந்த நிலையில் இறந்தார். அது ஊரடங்கு வழக்கன்று, திருட்டு வழக்கு. காவலர்கள் அடித்ததாகக் குடும்பம் குற்றஞ்சாட்டியது, விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. ஆனால் தொற்றைக் காரணம் காட்டிச் சிறைகளில் உறவினர் சந்திப்பு மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்த ஆண்டு அது என்பதை மறக்கலாகாது. உள்ளே இருப்பவனின் உடம்பைப் பார்க்க வெளியே இருப்பவனுக்கு வழியில்லை. லத்தியைப் புகழ்பவர்கள் இந்த மரணங்களை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, முதல்வர் எடப்பாடி பழனிசாமி கடையநல்லூரில் ஓர் அறிவிப்புச் செய்தார்: காவலரைத் தாக்கியவை, இ-பாஸ் மோசடி போன்றவை நீங்கலாக, ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 இலட்சமும் கைவிடப்படும். நல்லது. அத்தனை இலட்சம் பேரும் ஒரே நாளில் நிரபராதிகளானார்கள். அவர்களில் எத்தனை பேர் நடுத்தெருவில் தோப்புக்கரணம் போட்டார்கள், எத்தனை பேர் முதுகில் லத்தி வாங்கினார்கள் என்று அந்த அறிவிப்பில் ஒரு வரி இல்லை. எதிர்க்கட்சிகளும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.