திறக்க முடியாத பெட்டி

இந்த வாரம் கோபத்தில் எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அவளுடைய மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான், மகள் ஐந்தாம் வகுப்பு. லீவு விட்டதிலிருந்து இரண்டு பேரும் விஆர் ஹெட்செட் கேட்டு நச்சரிக்கிறார்கள். வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரும் பழசாகி, ஒரு ஃபைலைத் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று சீட்டுப் பணத்தில் அறுபதாயிரம் ஒதுக்கி வைத்திருந்தாள். கடைக்குப் போனால், விஆர் ஓட வேண்டுமென்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கேமிங் லேப்டாப் இல்லாமல் முடியவே முடியாது என்று சொல்லி, மாதத் தவணை போடுவதற்கு ஆதார் நகல் வரைக்கும் கேட்டுவிட்டார்கள்.

"அண்ணா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"போடாதே. பேனாவைக் கொடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்பு" என்றேன்.

அந்தக் கடைக்காரர் சொன்னது 2016இல் உண்மை. அந்த வருடம் ஆக்குலஸ் ரிஃப்ட் வந்தபோது அதைக் கம்ப்யூட்டரோடு வயர் போட்டுத்தான் இணைக்க வேண்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் தேவைப்பட்டது. 2019இல் முதல் குவெஸ்ட் ஹெட்செட் வந்தவுடனேயே அந்தக் கதை முடிந்துவிட்டது. ப்ராசஸர், பேட்டரி, கேமரா எல்லாம் ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வைஃபையும் ஒரு போனும் இருந்தால் போதும். 2024 அக்டோபரில் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த குவெஸ்ட் 3எஸ், அதைவிட விலை கூடிய குவெஸ்ட் 3இல் இருக்கும் அதே சிப்பில்தான் ஓடுகிறது. லென்ஸும் திரையும்தான் பழைய வகை. கேமிங் லேப்டாப் எப்போது வேண்டும்? 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' மாதிரி கனமான விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டி ஹெட்செட்டில் பார்க்க நினைத்தால் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெண் சூரியக் குடும்பத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு எதற்கு? இது தெரிந்தே சொன்ன பொய்யா, தெரியாமல் சொன்னதா என்று எனக்குக் கவலையில்லை. ஒரு குடும்பத்தின் இரண்டு வருடச் சேமிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போயிருக்கும்.

மலிவாக வேண்டுமென்று தேடுகிறவர்களுக்கு வேறு இரண்டு குழிகளும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று, போனைச் சொருகிக் கண்ணில் வைத்துக்கொள்ளும் பெட்டி. 2014இல் கூகுள் கார்ட்போர்டு என்று வந்த யோசனை. கூகுளே 2021இல் விற்பதை நிறுத்திவிட்டது. தலையைத் திருப்பினால் படம் திரும்பும், ஓர் அடி முன்னால் வைத்தால் அதற்குத் தெரியாது. கண் ஒன்று சொல்ல உடம்பு ஒன்று சொல்ல, சீக்கிரமே குமட்டல் வந்துவிடும். நடைபாதைக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. வேண்டாம். இன்னொன்று, செகண்ட் ஹேண்டில் சல்லிசாக வரும் எச்பி, ஏசர், டெல், லெனோவோ ஹெட்செட்கள். 'விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி' வகையைச் சேர்ந்தவை இவை. அந்த ஏற்பாட்டையே மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் கைவிடுவதாக அறிவித்து, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்தும் விட்டது. நல்ல பொருள்தான், ஆனால் அப்டேட் ஆன கம்ப்யூட்டரில் சொருகினால் அடையாளமே தெரியாது. அதைச் சுற்றிப்போக வழி கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு, தங்கை வீட்டுக்கு அல்ல.

சரி, குவெஸ்ட் 3எஸ்ஸே வாங்கிவிடலாமா என்றாள். வாங்கு, ஆனால் முதலில் வாங்காதே என்றேன்.

காரணம் சொல்கிறேன். நடமாடி விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். தங்கை வீட்டு ஹாலில் சோபாவை நகர்த்தினால் அவ்வளவு கிடைக்கும். மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் என்னைவிட உயரம். கன்ட்ரோலரோடு கையைத் தூக்கி வீசினால் எங்கே படும் என்பதை அந்த ஹாலில் நின்று பார்த்தவன் நான். ஃபேனை நிறுத்திவிட்டால் மே மாதத் திருச்சியில் பத்து நிமிடத்தில் கண்ணாடி வேர்த்துவிடும். சின்னவளுக்கு வேறு பிரச்சினை. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, குவெஸ்ட்டைச் செய்கிற மெட்டா நிறுவனம் கணக்கே கொடுப்பதில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் மேற்பார்வையில்தான். அவளுக்குப் பத்து ஆகிவிட்டது, சரி. ஆனால் 3எஸ்ஸில் இரண்டு லென்ஸுக்கும் இடையிலுள்ள தூரத்தை 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகளில்தான் வைக்க முடியும். குழந்தைகளின் கருவிழிகளுக்கு இடையிலுள்ள தூரம் பல சமயம் 58க்கும் குறைவு. படம் மங்கலாகத் தெரியும், தலை வலிக்கும், சொல்லத் தெரியாமல் "நல்லாதாம்மா இருக்கு" என்பாள். ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்தால், வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து உள்ளே திரையைப் பொசுக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒருவர் போட்டுக்கொள்கிற பொருள். ஒருவர் போட்டுக்கொள்ள மூன்று பேர் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். குடும்பத்துக்கென்று சீட்டுப் பணத்தை எடுத்தால் நாலு பேருக்கும் பயன்படுவதில்தான் முதல் ரூபாய் போக வேண்டும். அது கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் என்றதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் எங்கே போவேன் என்று தெரியும். ரேமுக்குத்தான் போகிறேன். முன்பு எழுதியதைவிட இப்போது நிலைமை மோசம்.

ரேம் விலையைப் பார்த்தீர்களா? உலகத்தின் ரேமில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவர். ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய மெமரியில் லாபம் கூடுதல் என்பதால் மூவருடைய கவனமும் அங்கே போய்விட்டது. 2025 டிசம்பரில் மைக்ரான், 'க்ரூஷியல்' என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. சென்னை ரிச்சி தெருவில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எத்தனையோ பேர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

விலை ஏறினால் நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்? இப்போதைக்கு எட்டு ஜிபி வாங்கிக்கொள்வோம், காசு வந்ததும் இன்னொரு எட்டு போட்டுக்கொள்வோம் என்று நினைக்கும். மிகச் சரியான நினைப்பு. நம் வீடுகள் அப்படித்தான் கட்டப்பட்டன. கீழ்த்தளம் முதலில், மாடி மகள் கல்யாணத்துக்கு முன்னால். ஆனால் இன்று கடையில் மெல்லிசாக, அழகாக அடுக்கி வைத்திருக்கும் லேப்டாப்களில் பலவற்றைத் திறந்து பாருங்கள். ரேமை மதர்போர்டோடு சேர்த்தே சால்டர் செய்திருப்பார்கள். ஸ்லாட் கிடையாது. எட்டு ஜிபியோடு வாங்கினால் அதன் ஆயுள் முழுக்க எட்டு ஜிபிதான். ரேமில் ஒரு சிப் போனால் மதர்போர்டே போச்சு. விலைச் சீட்டில் இந்தச் செய்தி எங்கும் இருக்காது. விற்கிறவரிடம் கேட்டால் "இதுவே போதும் சார்" என்பார்.

2008இல் வந்த முதல் மேக்புக் ஏர் ரேமைப் போர்டில் பற்றவைத்து வந்தது. அது ஒரு விலையுயர்ந்த மெல்லிய மெஷினின் தனிக்குணம் என்று அன்று நினைத்தோம். இன்று மாணவர்கள் வாங்கும் லேப்டாப்கள் பலவற்றிலும் அதுவே வந்துவிட்டது. தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. பற்றவைத்த ரேம் கரண்ட் குறைவாக எடுக்கும், வேகமாக ஓடும், இடம் மிச்சமாகும். அதே நன்மைகளோடு திருகாணி போட்டுக் கழற்றி மாட்டுகிற எல்பிகேம் 2 என்ற வகையும் 2024இலேயே லெனோவோவின் ஒரு திங்க்பேடில் வந்துவிட்டது. முடியும் என்று செய்து காட்டியாகிவிட்டது. விலை குறைந்த மெஷின்களுக்கு அதைக் கொண்டுவர மனம்தான் இல்லை.

தங்கைக்கு நான் சொன்னது செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480. பெரிய கம்பெனிகள் சில வருடம் வைத்திருந்துவிட்டுக் கூட்டமாகக் கழிக்கும் லேப்டாப்களில் ஒன்று. டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வரிசைகளிலும் நல்லவை உண்டு. டி480இல் இரண்டு ரேம் ஸ்லாட். ஒரு பேட்டரி உள்ளே, ஒரு பேட்டரி வெளியே கையாலேயே கழற்றுகிற மாதிரி. ஆனால் கவனமாக வாங்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். டி480இலேயே ஏழாம் தலைமுறையோடு வந்தவையும் உண்டு. மாடல் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாமல் ப்ராசஸர் எண் 8இல் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பழைய கம்பெனி பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். நல்ல கடைக்காரர் இதையெல்லாம் பார்க்க விடுவார். விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

ரிச்சி தெருவில் ஒன்றைப் பார்த்து வாங்கி, நானே திருச்சிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதில் எட்டு ஜிபி ரேம் ஒரு ஸ்லாட்டில் இருந்தது, இன்னொன்று காலி. மாப்பிள்ளை ஆபீசில் பயன்படுத்திக் கீழே போட்டு உடைத்த லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது. திரை சுக்குநூறு, கீபோர்டில் பாதி இல்லை. அதை இறக்கித் திறந்தால் உள்ளே டிடிஆர்4 எட்டு ஜிபி, ஸ்லாட்டில்.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துப் பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்காரவைத்தேன். முதலில் பயாஸில் உள் பேட்டரியை நிறுத்தினோம். புரட்டிப் போட்டால், அடித்தட்டின் திருகாணிகள் தளர்ந்த பிறகும் கீழே விழாமல் தட்டிலேயே நிற்கின்றன. தொலையக் கூடாதென்று யாரோ ஒரு பொறியாளர் யோசித்திருக்கிறார். பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு நகர்த்தினால் டக் டக்கென்று கவ்விகள் விடுபட்டு மூடி வந்துவிடும். காலி ஸ்லாட்டைப் பையனுக்குக் காட்டினேன். சின்னவள்தான் செய்தாள். ரேமின் ஓரத்திலிருக்கும் வெட்டு ஒரு பக்கமாகத்தான் பொருந்தும், தப்பாகப் போட வழியே இல்லை. சாய்வாகச் சொருகி, மெல்ல அழுத்த, இரண்டு பக்கமும் உள்ள உலோகக் கவ்விகள் க்ளிக் என்று பிடித்துக்கொண்டன. ஆன் செய்தால் பதினாறு ஜிபி. "மாமா, நான் போட்டது!" என்று அடுத்த வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த உடைந்த லேப்டாப்பின் ரேமை மதர்போர்டில் பற்றவைத்திருந்தால் அந்த எட்டு ஜிபி பரணிலேயே செத்திருக்கும். என் கோபம் முழுக்க இதுதான். ஒரு மெஷின் செத்தாலும் அதன் நல்ல உறுப்புகள் இன்னொன்றில் வாழ வேண்டும். நம் ஊர் சர்வீஸ் கடைகள் காலங்காலமாகச் செய்துவந்தது இந்த வேலையைத்தான். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய பிறகு, சின்ன ஊர்களில்கூட அதைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டிக்கொடுக்கிற தம்பிகள் உருவானார்கள். அக்காவுக்குக் கொடுத்ததில் தங்கை படித்தாள். பற்றவைத்த போர்டு அந்தத் தம்பிகளின் கையையும் கட்டிப்போடுகிறது.

தங்கை வீட்டில் இப்போது ஹாலில் மேஜைமேல் டி480, அதோடு ஒரு இருபத்துநாலு அங்குல மானிட்டர், தனி கீபோர்டு, மவுஸ். நாலு பேருக்கும் நாலு கணக்கு. அறுபதாயிரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். தீபாவளி வரைக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பணத்தில் குவெஸ்ட் 3எஸ் வாங்கலாம். அப்போதும் இறக்குமதிச் சரக்கா, இந்தியாவில் வாரண்டி யார் கொடுப்பார்கள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் உள்படச் சில பொருள்களை விற்கும்போது, அவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இவ்வளவு என மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கியது. இணையதளம் போதாது. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி மூன்றையும் கழற்றி மாற்ற முடியுமா, முடியாதா என்பதை அட்டைப் பெட்டியின்மேல், விலைக்குப் பக்கத்தில், தமிழிலும் அச்சிட வேண்டும் என்று அந்தத் துறை உத்தரவு போட வேண்டும். அதுவரைக்கும் நாம்தான் பில் போடுவதற்கு முன்னால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் சொல்லாத கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பொய் சொல்லி விற்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.