பள்ளிகளை எண்ணியது போதும்

நம் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பேச எழுவோர் எவராயினும் இரண்டு எண்களைச் சொல்லாமல் அமர்வதில்லை. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது ஒன்று; இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன என்பது மற்றொன்று. கூட்டம் பிரிக்பீல்ட்சில் நடந்தாலும் சரி, கிள்ளானில் நடந்தாலும் சரி, இவ்விரண்டு எண்களும் ஒலித்தவுடன் அவையோர் பெருமூச்செறிவர், பேச்சாளர் குரலை உயர்த்துவார், கைதட்டல் எழும், பின்னர் அனைவரும் கலைந்து வீடு செல்வர். அவ்வெண்கள் பொய்யல்ல. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அவற்றையே ஓதி வந்தமையால், கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே கிடக்கின்றது. கல்வி இலாகாவும் கட்டடங்களை எண்ணியது. சமுதாயமும் கட்டடங்களை எண்ணியது. பிள்ளைகளைத் தொடர்ந்து சென்று எண்ணியவர் எவருமிலர்.

பள்ளிகளின் எண்ணிக்கை எதைச் சொல்கின்றது, எதை மறைக்கின்றது என்பதைச் சற்றே ஆராய்வோம். 1957-க்கும் 1970-க்கும் இடையில் இருநூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் பட்டியலிலிருந்து மறைந்தன. அதே காலத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர் தொகையோ ஏறத்தாழ ஐம்பதினாயிரத்திலிருந்து எண்பதினாயிரத்தை ஒட்டி உயர்ந்தது. இனி அண்மைக் காலத்தைக் காண்க. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாணவர் தொகை ஓர் இலட்சத்துக்கு மேல் இருந்தது. 2020-ஐ ஒட்டி அது எண்பதினாயிரத்துக்கு அருகில் இறங்கிற்று. இந்தப் பத்தாண்டில் பள்ளிகள் குறையவில்லை. சில கூடவும் செய்தன. பள்ளிகள் குறைந்தபோது பிள்ளைகள் பெருகினர்; பள்ளிகள் நிலைத்து நின்றபோது பிள்ளைகள் குறைந்தனர். அங்ஙனமாயின் 888 என்ற எண்ணைக் கொண்டு நாம் எதைத்தான் அளந்து கொண்டிருந்தோம்?

மாணவர் தொகை ஏன் இறங்கிற்று என்று கேட்டால் மேடைக்கு மேடை விடை மாறுகின்றது. பெற்றோர்க்கு மொழிப்பற்று இல்லை என்று ஒருவர் சினப்பார். ஆசிரியர் சரியில்லை என்பார் மற்றொருவர். தமிழ்ப்பள்ளிக்குத் தேவையே குறைந்துவிட்டது என்று, நமக்கு நன்மை நாடாத ஒருவர் அதே எண்ணைக் காட்டி முடிவு கட்டுவார். மூவருமே ஒன்றைப் பார்ப்பதில்லை. மலேசிய இந்தியரிடையே ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி, 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 1.2 என்ற அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. ஒரு சமூகம் தன் தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும் என்பர் மக்கட்டொகை அறிஞர். தொட்டிலில் பிள்ளை குறைந்தால் முதலாம் ஆண்டு வகுப்பிலும் குறையத்தான் செய்யும். ஆகவே, தமிழ்ப்பள்ளியில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பது அரைக்கேள்வியே. சேரத்தக்க வயதுடைய தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதே முழுக்கேள்வி. நூற்றுக்கு இத்தனை என்ற அந்த விழுக்காடு ஆண்டுதோறும் நம் கையில் இருந்திருப்பின், பெற்றோரைப் பழிப்பதா வேண்டாவா என்பதை வாதமிட்டுத் தீர்க்க வேண்டியதில்லை, பார்த்தே அறியலாம்.

அரசாங்கம் புள்ளிவிவரம் திரட்டவில்லை என்று கூறுவார் உண்மை அறியாதவர். கல்வி அமைச்சு குறிப்பிட்ட நாள்களைக் கணக்கெடுப்பு நாள்களாக வகுத்து, நாட்டின் ஒவ்வொரு பள்ளியிடமிருந்தும் விவரம் பெறுகின்றது. தலைமையாசிரியர்கள் அதற்காகப் படும் பாட்டை அவர்கள் இல்லத்தார் அறிவர். வகுப்பறை எத்தனை, நாற்காலி எத்தனை, ஆசிரியர் எத்தனை என்றெல்லாம் நிரப்பி அனுப்புகின்றனர். ஒவ்வொரு மாணவனின் பெயரும் அடையாள எண்ணும் இன்று கணினியில் ஏறிவிட்டன. இவ்வளவும் திரண்ட பின்னர் பொதுமக்கள் பார்வைக்கு வரும் ஆண்டேட்டில் நாம் காண்பது என்ன? பள்ளி இத்தனை, மாணவர் இத்தனை, ஆசிரியர் இத்தனை என்ற கூட்டுத்தொகைகளே. ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறிய பிள்ளை புகுமுக வகுப்புக்குச் சென்றதா, நேரே படிவம் ஒன்றுக்குச் சென்றதா, படிவம் ஐந்தின் இறுதித் தேர்வு மண்டபத்தில் அமர்ந்ததா, அதற்கு முன்பே பட்டறைக்கோ தெருவுக்கோ போயிற்றா என்பதை அந்த ஏட்டில் தேடிக் காண இயலாது.

இப்பழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தோட்டத்தில் பள்ளி வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று காலனி ஆட்சியின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்துக்குத் தேவைப்பட்டது ஒரு பள்ளி. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகையும், கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் நடத்தும் வகுப்பும் இருந்தாலே அறிக்கையில் பள்ளி ஒன்று எனப் பதிவாயிற்று. அறிக்கையைப் படித்தவர்க்குத் தோட்டந்தோறும் கல்வி தழைப்பதாகத் தோன்றியிருக்கும். பால்மரக் காட்டில் வாழ்ந்தவர் அதனை ஏற்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டுமா இருந்தது? தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ஏட்டில் பள்ளி இருந்தது. பிள்ளைக்குக் கல்வி இல்லை. அந்த வேறுபாட்டை எழுதப் படிக்க அறியாத தொழிலாளி அன்றே கண்டு சொன்னான். பட்டம் பெற்ற நாமோ இன்னும் ஏட்டையே புரட்டிக் கொண்டிருக்கின்றோம்.

சரியான கேள்வியைக் கேட்டால் பயன் விளையும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. கல்வி அமைச்சு 1973-இல் இடைநிற்றல் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. முராட் முகமட் நூர் தலைமையில் நடந்த அவ்வாய்வு, பள்ளிகளை எண்ணுவதோடு நிற்கவில்லை. பள்ளியை விட்டுப் போனவர் யார், ஏன் போயினர் என்று கேட்டது. வீட்டு வறுமைக்கும் இடைநிற்றலுக்கும் உள்ள உறவு வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டாண்டு கழித்து, 1975-இல், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடநூல் கடனாக வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அதுபோலவே, தோட்டங்கள் துண்டாடப்பட்ட கொடுமையை உங்கு அஜிஸ் 1962-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கோடு காட்டிற்று. துண்டாடலால் யார் வேலை இழந்தார், யார் வீடிழந்தார் என்ற வினா அங்கே எண்ணாக மாறியது. கண்ணீரைப் புறக்கணிக்கும் அலுவலகமும் கணக்கைப் புறக்கணிக்கத் தயங்கும்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டும் ஒன்று கூறுவேன். இந்தியாவில் 1957-இல் முதல் அனைத்திந்தியக் கல்வி அளவீடு நடந்தது. அது குடியிருப்புகளை எண்ணிற்று. எந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு தொலைவில் பள்ளி உள்ளது, எந்தக் குடியிருப்புக்குப் பள்ளியே இல்லை என்று பார்த்தது. அங்ஙனம் பார்த்தவர்க்கே பள்ளி இல்லாத ஊர் கண்ணில் படும். பள்ளியிலிருந்து மட்டும் படிவம் வாங்குபவர்க்குப் பள்ளி இல்லாத இடம் என்றுமே தெரியாது. 2005 முதல் அந்நாட்டில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் இன்னும் ஒரு படி முன்சென்றது. தொண்டர்கள் கிராம வீடுகளுக்குச் சென்று, பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை என்று படிப்படியாக அமைந்த தாள் அது. பதிவேட்டில் ஐந்தாம் வகுப்பு என்றிருந்த பிள்ளைகளுள் பலர் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க இயலாமல் நின்றனர். அரசாங்கத்தின் ஆணைக்குக் காத்திராமல் பொதுமக்களே செய்த கணக்கு அது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

நாம் செய்தது என்ன? யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை, 2015 வரை ஏழு பாடங்களிலும் பின்னர் எட்டுப் பாடங்களிலும் முழுத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளை எண்ணினோம். நாளிதழ்கள் பக்கம் பக்கமாகப் படங்களை வெளியிட்டன. அமைப்புகள் மாலையும் பணமுடிப்பும் வழங்கின. அப்பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அதே வகுப்பில், அதே மேசையில், எழுத்துக் கூட்டவும் தடுமாறிய பிள்ளை எத்தனை என்று எந்த அமைப்பு கேட்டது? அத்தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. அதனோடு நம் விழா எண்ணும் போயிற்று. இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் தரத்தைப் பற்றிப் பேச நம்மிடம் எந்த எண்ணும் இல்லை. வதந்தி மட்டுமே உண்டு. பெற்றோரும் வதந்தியை வைத்தே முடிவு செய்கின்றனர்.

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்புரை எழும். அதனைப் பொறுப்புள்ள பெரியோரே எழுப்புவதால் புறந்தள்ளலாகாது. உண்மைக் கணக்கு வெளியானால் சிறு பள்ளிகளை மூடுவதற்கு அதுவே கருவியாகாதா என்பர் அவர். இவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தாய்மொழித் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சர்க்கு அளித்திருந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை அக்கத்தி தலைமேல் தொங்கிற்று. இன்றும் 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளி, மாணவர் குறைந்த பள்ளி எனத் தனிப் பட்டியலில் வைக்கப்படுகின்றது; தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கு மேற்பட்டவை அப்பட்டியலில் உள்ளன. ஆயினும் பெரியோரைக் கேட்கின்றேன்: எண்ணை மறைத்ததனால் எந்தப் பள்ளி பிழைத்தது? மாணவர் எத்தனை பேர் என்பது அமைச்சின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றது. மூட நினைப்பவர் கையில் கணக்கு உண்டு. காக்க நினைப்பவர் கையில்தான் இல்லை. சீனப்பள்ளிகளுக்கெனச் செயற்படும் டோங் சோங் தன் பள்ளிகளின் விவரங்களைத் தானே திரட்டித் தானே ஆராய்கின்றது. அமைச்சர் ஓர் எண்ணைச் சொன்னால் அதனை நிறுத்துப் பார்க்க அவர்களிடம் மற்றோர் எண் இருக்கின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கையே எடுத்துக் கொள்வோம். இங்குள்ள பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் படித்தாலே ஒரு வரலாறு தெரியும். சீபீல்ட், எபிங்காம், கேஸல்பீல்ட், புக்கிட் ஜாலில் என்பன தோட்டங்களின் பெயர்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, பேரங்காடிகளாயின, புக்கிட் ஜாலிலில் 1998-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுக்கு அரங்கம் எழுந்தது. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குச் சென்றன. எந்த அடுக்குமாடிக்கு எத்தனை குடும்பங்கள் சென்றன, அங்கிருந்து தமிழ்ப்பள்ளி எவ்வளவு தொலைவு, வேன் கட்டணம் மாதம் எத்தனை வெள்ளி, அதனைக் கட்ட இயலாமல் எத்தனை பிள்ளைகள் அருகிலுள்ள வேறு பள்ளிக்குச் சென்றன என்ற கணக்கு எங்கே? கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டிலேயே பெரிய தமிழ்ப்பள்ளி எனப் பெயர் பெற்றது. பிள்ளைகள் நிரம்பி வழியும் பள்ளியும், பிள்ளைகளைத் தேடும் பள்ளியும் ஒரே மாநிலத்தில் இருக்கக் காரணம், குடிபெயர்ந்த மக்களைப் பள்ளிகள் பின்தொடரவில்லை என்பதே. பள்ளியை இடம் மாற்றக் கோருவோர் கையில் குடியிருப்புக் கணக்கு இருந்தால் கோரிக்கை வலுப்பெறும். இல்லையெனில் அது மனுவாகவே மடியும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, பள்ளி வயதடையும் தமிழ்ப் பிள்ளைகளுள் நூற்றுக்கு எத்தனை பேர் தமிழ்ப்பள்ளியில் சேர்கின்றனர் என்பதை மாவட்டவாரியாக அமைச்சு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெளியாகும் பட்டியல்களில் இந்தியர் என்ற ஒரே தலைப்பின்கீழ்த் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் அனைவரையும் அடக்கிவிட்டால் இவ்விழுக்காடு கிட்டாது என்பதையும் உணர்த்த வேண்டும். இரண்டாவது, முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் படிவம் ஐந்து வரை எங்கெங்கே உதிர்கின்றனர் என்பதை, பெயரை மறைத்து, எண்ணை மட்டும் காட்ட வேண்டும். அடையாள எண் இருக்கையில் இது இயலாத காரியமன்று. மூன்றாவது, ஒவ்வொரு பள்ளியின் நிலமும் யாருக்குரியது என்பது பொதுப் பட்டியலில் இடம்பெற வேண்டும். தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டுமே பெறுவன. நிலம் கைமாறும் நாளில் அலறுவதைவிட, இன்றே அறிந்திருப்பது அறிவுடைமை. நான்காவது, பள்ளிக்கே வராத பிள்ளைகளின் கணக்கு. தொடக்கக்கல்வி 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அச்சட்டம் எந்த அளவு எட்டியது என்பதைப் பள்ளிப் படிவம் சொல்லாது. வீடுவீடாகச் சென்றால்தான் தெரியும்.

கடைசிக் கணக்கை அமைச்சுக்காகக் காத்திராமல் நாமே தொடங்கலாம். பள்ளி வாரியங்கள் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் உண்டு. ஆலயக் குழுக்கள் உண்டு. பல்கலைக்கழகங்களில் நம் மாணவர் உண்டு. விழாவுக்குப் பந்தல் போடத் திரளும் இளைஞரில் பாதிப் பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால், கிள்ளானின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை முழுதும் கணக்கெடுத்துவிடலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956-இல் அமைந்த காலத்தில் தமிழ் எங்கள் உயிர் என்று சொல்லித் தோட்டத் தொழிலாளியும் நிதி கொடுத்த சமுதாயம் இது. அன்று அவர்கள் கொடுத்தது வியர்வைக் காசு. இன்று நம்மிடம் கேட்பது சில நாள் உழைப்பு.

எழுத்தாளர்க்கு இதில் என்ன வேலை என்று இத்தொகுப்பைப் படிப்பவர் வினவலாம். வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் கண்ணெனக் கூறும்போது எண்ணையே முன்வைத்தார். நம் கதைகளிலும் கவிதைகளிலும் தோட்டத்துப் பிள்ளைக்காக ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அழுதுவிட்டோம். அப்பிள்ளையின் பேரப்பிள்ளை இன்று எந்த மாடியில், எந்தப் பள்ளியில், எந்த வகுப்போடு நின்றுபோயிற்று என்று இனி அடுத்த கூட்டத்தில் எவரேனும் 888 என்று தொடங்கினால், அவையிலிருந்து ஒருவரேனும் எழுந்து கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை கிடைக்கும் வரை கைதட்டலை நிறுத்தி வைப்போம்.