பறந்தவர் படம் வருகிறது, அறிவிப்பு எங்கே?

1913-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா போனது பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில். இன்று ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும்.

விமானம் ஏறிய மாணவரின் படத்தை நாளிதழ்கள் போடுகின்றன; விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் போடுவது அபூர்வம். அந்தப் படத்தையே வெட்டி நோட்டீஸ் அடித்து, கடன் வாங்கிப் போகச் சொல்கிறார்கள் ஏஜென்சிக்காரர்கள். திருமுடிவாக்கம் சிட்கோவில் ஷிஃப்டு பார்ப்பவரின் வீட்டுக்கு வந்து சேர்வது அந்த நோட்டீஸ்தான். முதல் 500 தரவரிசைக்குள் உள்ள பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற அனுமதிக் கடிதம் வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

2025-இல் தேர்வான 106 பேரில் முதலில் கடிதம் பெற்றது 40 பேர். நிதியைக் காரணம் காட்டினார்கள். இதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். மாணவர்களே, சாதி, வருமானச் சான்றுகளுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.