குதிரைவலு இருக்கட்டும், முன்சக்கரத்தைப் பாருங்கள்

பழைய மஸ்டாங் காரொன்றை வாங்கிய கையோடு எஞ்சினைப் பிரித்துக் குதிரைவலுவைக் கூட்டப் புறப்படுவோரைக் காணும்போது எரிச்சலே மேலிடுகிறது. நேரே பாய்வதற்கு வலு போதும். திரும்புவதற்கு?

1964 ஏப்ரலில் ஃபோர்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய இக்காரின் முன்பகுதி, ஃபால்கன் என்னும் சிக்கனக் குடும்பக் காரின் வழிவந்தது. வளைவில் உடல் சாயும்போது வெளிப்புறச் சக்கரமும் கூடவே சாய, ரயரின் விளிம்பிலேயே பாரம் ஏறும். ஸ்டியறிங்கோ பல சுற்றுச் சுற்றினால்தான் மனமிரங்கும்.

"தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கவேண்டும்" என்று தூய்மை பேசும் அன்பர்களிடம் ஒரு கேள்வி. 1965இல் கரல் ஷெல்பி தமது ஜி.ரி.350 காரில் மேற்கரங்களின் பொருத்துமிடத்தை ஓர் அங்குலம் கீழிறக்கினாரே, அது தூய்மைக்கேடா? அதை வகுத்தவரே ஃபோர்ட் பொறியியலாளர் கிளவுஸ் ஆர்னிங்தான்! பக்கத்துக்கு இரண்டாக நான்கு புதிய துளைகள், அவ்வளவே. சக்கரம் மேலெழும்போது அதன் தலை முன்னிலும் கூடுதலாக உள்நோக்கிச் சாயும். வளைவில் ரயர் வீதியில் நன்றாகப் பதியும். ஷெல்பி ஸ்டியறிங்கையும் விரைவாக்கினார்.

மறுமுனையில் வேறொரு கூட்டம். ஸ்பிறிங் கோபுரங்களையே வெட்டியெறிந்து, முற்றிலும் புதிய முன்னமைப்பை ஒட்டவைக்கிறார்கள். தனிச் சட்டகமற்ற அக்காரில் முன்பாரத்தைத் தாங்குபவை அக்கோபுரங்களே என்பதை யார் சொல்வது? தேய்ந்த பந்துமூட்டுகளை மாற்றி, இன்றைய ரேடியல் ரயர்களுக்கேற்பக் காஸ்டர் கோணத்தைக் கூட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்களேன்.

வலுவை அதன்பின் கூட்டலாம். முன்சக்கரத்தில் இருப்பது டிரம் பிறேக்கா, டிஸ்க் பிறேக்கா என்று குனிந்து பார்த்துவிட்டு.