நீலப் புள்ளி ஏன் பின் தெருவில் நிற்கிறது?



வீட்டுக்கு ஆட்டோ கூப்பிட்டால், டிரைவர் அண்ணன் பின் தெருவில் நின்றுகொண்டு "எங்க தம்பி இருக்கீங்க?" என்று போன் பண்ணுகிறார். நம்ம கொட்டிவாக்கத்தில் இது சகஜம். "சாட்டிலைட் தப்பா காட்டுது"ன்னு எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பாவம் சாட்டிலைட்! பாதித் தப்பு நம் கையில் இருக்கிற போன் மேல்தான் என்பது என் கருத்து.

போன் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்து, அவை வந்துசேர ஆன நேரத்தை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும்! நம்ம பீச்சில், திறந்த வானத்தின் கீழே, சாதாரண போனே சுமார் 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். அடுக்குமாடிகளுக்கு நடுவே வந்தால்தான் வம்பு. சிக்னல் சுவரில் பட்டு, சுற்றிக்கொண்டு லேட்டாக வரும். போனுக்கு அது தெரியாது.

இன்னொரு எதிரி மேலே இருக்கிறது: அயனி மண்டலம். அதைக் கடக்கும்போது சிக்னல் தாமதமாகும். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவை ஒட்டிப் போவதால், இந்தத் தொல்லை ஐரோப்பாக்காரர்களைவிட நமக்கு அதிகம்.

மருந்து இருக்கிறது. எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளையும் வாங்கினால், இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டு அயனி மண்டலப் பிழையைக் கழித்துவிடலாம். சுவரில் பட்டு வரும் சிக்னலைப் பிரித்து அறியவும் எல்5 உதவும். 2018-லேயே ஷாவ்மியின் 'எம்ஐ 8' போனில் இந்த வசதி வந்துவிட்டது. ஆனால் விலை குறைந்த பல போன்களில் எல்1 மட்டும்தான். கேமராவை மட்டும் மூன்று நான்கு என்று அடுக்குகிறார்கள்!

நம் இஸ்ரோவின் நேவிக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2013-ல் தொடங்கிய அந்த வரிசை எல்5, எஸ் அலைவரிசைகளில்தான் பேசியது. எல்1 மட்டும் கேட்கும் போனுக்கு அது காதில் விழாது. 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01-ல்தான் எல்1 சேர்ந்தது. அதில் உள்ள ருபீடியம் அணுக் கடிகாரம் நம் நாட்டிலேயே செய்தது. பெருமைதான். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 சரியான சுற்றுப்பாதையை அடையவில்லை. அதுவரை ஏவிய 11-ல் பாதிகூட இடம் காட்டும் வேலைக்குத் தேறவில்லை. ஆகவே பெட்டியில் 'நேவிக் உண்டு' என்று போட்டால் மட்டும் போதாது. எல்5 எல்லா போனிலும் கட்டாயம் என்று அரசு சொல்ல வேண்டும். விலை கூடும் என்பார்கள். கூடட்டுமே, கொஞ்சம்தானே? ராத்திரி 108 ஆம்புலன்ஸ் பின் தெருவில் திரும்பி நின்றால் அந்த ஐந்து நிமிஷத்துக்கு யார் விலை போடுவது?

குப்பத்து அண்ணன்கள் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்தே கடலில் இடம் கண்டுபிடிப்பார்கள். ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பது அவர்களுக்கு எப்பவோ தெரியும்!

இந்த வருட அறிவியல் கண்காட்சிக்கு ஒரு யோசனை. எல்5 உள்ள போன் ஒன்று, இல்லாதது ஒன்று, ஆசிரியர்களிடம் கடன் வாங்குவோம். மைதானத்தின் நடுவிலும், மாடிப்படி ஓரத்திலும் வைத்து, புள்ளி எத்தனை மீட்டர் நகர்கிறது என்று டேப் பிடித்து அளப்போம். சார், போன் தருவீங்களா?

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு